இலந்தை மரத்தில் அமர்ந்த பாட்டு

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது, அதை நின்று கேட்கிற பொறுமை மனிதர்களுக்கும் இருந்தது. அப்போது ஒரு காட்டோரத்தில் அக்கா தங்கைகளாக ஏழு தவிட்டுக்குருவிகள் இருந்தன. இன்றைக்கு வேலியடியில் குப்பையைக் கிளறிக்கொண்டு காச்சுமூச்சென்று கத்துகின்றனவே, அதை வைத்து எடை போட்டுவிடாதீர்கள். அன்று அவை பாடின.

ஆளுக்கொரு மரம், ஆளுக்கொரு குரல். மூத்தாளின் குரல் எல்லாவற்றுக்கும் கீழே. அடுத்தடுத்தவள் குரல் படிப்படியாக மேலே. பொழுது சாயும்போது மூத்தாள் தன் ஆலமரத்தில் தொடங்குவாள். பாட்டு மரம் மரமாக ஏறி, ஏழாவதான கடைக்குட்டியைத் தொட்டுவிட்டு, அதே வழியில் இறங்கி மூத்தாளிடமே வந்து அமரும். பாட்டு எந்த மரத்தில் அமர்கிறதோ அதுதான் அன்றைக்கு வீடு. கூட்டம் மொத்தமும் அங்கே போய் அடையும். கண் திறக்காத குஞ்சுக்கும் தாய் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் இதுதான்: கடைசிக் குரல் எங்கே கேட்கிறதோ அங்கே வா.

அந்தப் பாட்டைக் கேட்டால் கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி மனசு நிறையும். மாசாணம் என்கிற குழல்காரன் தினமும் ஆலமரத்தடிக்கு வந்து கேட்பான். ஏழு குரலுக்கு ஏழு துளை போட்டு ஒரு மூங்கில் குழல் செய்து, அதே பாட்டை ஊரெல்லாம் கல்யாணங்களில் ஊதிப் பேர் வாங்கியிருந்தான்.

ஏழு பேரில் ஆறாவதாகப் பிறந்தவள் ஆறாயி. அவள் மரம் முள் அடர்ந்த இலந்தை. அந்த வருஷம் அவளுக்கு ஒரே ஒரு குஞ்சு. மெலிந்து கிடந்தான் என்று துரும்பன் என்று பேர் வைத்தாள். பேரைச் சொல்லிச் சொல்லியே ஊட்டினாள். இறக்கை முளைத்து, முதல் முதலாகப் பறக்கிற நாளும் வந்தது.

அன்று மத்தியானம் ஆறாயி மூச்சிரைக்க ஆலமரத்துக்கு வந்தாள்.

"அக்கா, மொட்டைப் பனையைப் பார்த்தியா? மூணு நாளா வல்லூறு அங்கேயே குந்தியிருக்கு. பாட்டு எங்கே முடியும்னு தெரிஞ்சுக்கிட்டு உன் மரத்தையே பார்த்துக்கிட்டு இருக்கு."

"குந்தியிருந்தா குந்தட்டும். நமக்கு இலை மறைவு இல்லையா?"

"நமக்கு இருக்கு. விருட்டுனு உள்ளே போயிடுவோம். துரும்பன் இன்னிக்குத்தான் பறக்கிறான். திணறித் திணறித்தான் வருவான். இன்னிக்கு ஒரு நாள் பாட்டு என் மரத்தில் முடியட்டும் அக்கா. முள்ளுக்குள்ள வல்லூறு வராது. உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

மூத்தாள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. எத்தனையோ வருஷம் கூடு கட்டியும் அவள் கூட்டில் ஒரு முட்டை பொரிந்ததில்லை. சாயங்காலம் பாட்டு தன்னைத் தேடி வருகிறதே, அது ஒன்றுதான் அவளுக்கு வாய்த்தது. அதிலும் பங்கா?

"என் குரல்ல முடியாத பாட்டு ஒரு பாட்டாடி? இன்னிக்கு உன் மரம், நாளைக்கு இன்னொருத்தி மரம். அப்புறம் என் மரத்துக்கு யார் வருவா? பிள்ளை பெத்தவளுக்கு வாய் ரொம்பத்தான் நீளுது. போ, போய்க் குரலைச் சரி பண்ணு."

அக்கா சொல்லைத் தட்டி ஆறாயிக்குப் பழக்கமில்லை. போய்விட்டாள். எந்த வாயால் சொல்ல, அவள் பயந்தது அப்படியே நடந்தது.

பொழுது சாய்ந்தது. பாட்டு ஆலமரத்தில் தொடங்கி ஏறியது. தூரத்து வரப்பிலிருந்து துரும்பன் தத்தித் தாவி எழும்பினான். பாட்டு கடைக்குட்டியைத் தொட்டு இறங்கி, ஆறாயியின் முறை வந்தது. அவள் பாடினாள். அம்மா குரல் கேட்டதும் குஞ்சு இலந்தையை நோக்கித் திரும்பினான். இன்னும் பத்துத் தடவை இறக்கை அடித்திருந்தால் முள்ளுக்குள் வந்திருப்பான்.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. ஐந்தாமவளுக்குப் போனது, நான்காமவளுக்குப் போனது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை அவன். கடைசிக் குரல் இதில்லை என்று தெரிந்துகொண்டு, ஆலமரத்துப் பக்கம் திரும்பினான். திரும்பியதை ஆறாயி கண்ணால் பார்த்தாள். "வராதே!" என்று கத்தினாள். அதற்குள் மூத்தாள் குரல் கணீரென்று எழுந்து அவள் கத்தலை மூடிவிட்டது. மொட்டைப் பனை காலியாக இருந்தது. ஆலமரத்தடியில் நின்ற மாசாணத்தின் தோளில் நான்கு சாம்பல் இறகுகள் வந்து விழுந்தன.

அன்றிரவு மூத்தாள், "விதி, யார் என்ன செய்ய முடியும்?" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் மூத்தாள் தொண்டையைச் செருமுவதற்குள், இலந்தையிலிருந்து ஆறாயி தொடங்கிவிட்டாள். பக்கத்து மரத்தில் குரல் கேட்டால் அடுத்தவள் வாய் தானாகத் திறக்கும், பிறந்ததிலிருந்து அப்படித்தான் பழக்கம். கடைக்குட்டி பாடினாள். கடைக்குட்டிக்கு மேலே ஆளில்லாததால், மூன்றாவதாக மூத்தாள் பாடினாள். இரண்டாமவள், மூன்றாமவள் என்று பாட்டு சுற்றி வந்து, பழையபடி திரும்பி, இலந்தை மரத்தில் வெறுங்கூட்டின் ஓரத்தில் அமர்ந்தது.

காடே அடங்கிப் போனது. பாடியவர்களுக்கே அழுகை முட்டியது. கடைக்குட்டி தேம்பிக்கொண்டு, "இது என்ன பாட்டு? யாரோ எட்டாவது ஆள் நடுவில் நின்று அழுதாங்களே, யார் அது?" என்று கேட்டாள்.

மாசாணமும் அப்படித்தான் நினைத்தான். புதுக் குரல் ஒன்று சேர்ந்திருக்கிறது, குழலில் எட்டாவது துளை போட வேண்டும் என்று மறுநாள் கம்பியும் கங்குமாக வந்து உட்கார்ந்தான். பாட்டு தொடங்கியது. அவனும் கூடவே ஊதினான். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு துளை இருந்தது. பாட்டு இலந்தையில் அமர்ந்து முடிந்தபோது துளை போட மிச்சக் குரலே இல்லை. காய்ச்சின கம்பி அவன் காலடியில் ஆறிக் கிடந்தது.

"எட்டு இல்ல தாயே, ஏழுதான்," என்றான் மரத்தைப் பார்த்து. "கல்யாணத்துக்கு நான் ஊதுற அதே ஏழு."

மூத்தாளுக்குப் பொறுக்கவில்லை. இலந்தைக்குப் பறந்து வந்தாள்.

"என்னடி சூனியம் வெச்சே? அதே குரலைத்தான் நானும் பாடுறேன். என் மரத்துக்கு வந்து அமரும்போது அது சிரிக்குது. உன் பாட்டுல மூணாவதா வந்துட்டுப் போகும்போது நெஞ்சைப் பிசையுது. என் தொண்டைதானா இது?"

"உன் தொண்டைதான் அக்கா."

"அப்போ நடுவில் அழுகிற அந்தக் குரல்..."

"நீதான். நான் தொடங்கும்போது அழுகை இல்ல. கடைக்குட்டி எடுக்கும்போதும் இல்ல. உன் குரல் வந்த பிறகுதான் அது ஒப்பாரி ஆகுது. உன்னை விட்டுட்டு இதை என்னால பாடவே முடியாது."

மூத்தாள் கிளையில் அப்படியே குறுகிப் போனாள். "மறுபடி என் மரத்துக்கே வந்துடச் சொல்லு. நான் பாவி, ஒத்துக்கிறேன். எனக்கு அது ஒண்ணுதானே இருந்தது," என்று அழுதாள்.

"உன் மரத்துக்கு வந்தா அது பழைய பாட்டுதான், சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா அது அங்கே அமரும்போதெல்லாம் என் பிள்ளை திரும்பிப் பறக்கிறானே, அதை நான் எப்படிப் பார்ப்பேன்?" என்றாள் ஆறாயி.

இரண்டு பேரும் சொன்னது நியாயம். அதற்குப் பிறகு எந்த மரத்தில் அமர்வது என்று அந்தக் கூட்டத்தால் முடிவு செய்யவே முடியவில்லை. பாட்டு போனது, சண்டைதான் மிஞ்சியது. குழல் மட்டும் மாசாணத்தின் கையில் இருந்தது. அந்த மாதமே ஊரில் ஒரு குழந்தை இறந்தபோது, அவன் ஆறாயியின் குரலில் தொடங்கி, அவள் குரலிலேயே பாட்டைக் கொண்டுவந்து அமர்த்தினான். கேட்ட தாய் வாய்விட்டு அழுதாள்.

அன்று முதல்தான், மாலை மாற்றுகிற வீட்டிலும் பாடை கட்டுகிற வீட்டிலும் அதே ஏழு சுரங்களை ஊதுகிறார்கள். ஊதுகிறவன் முதலில் வாசலைப் பார்க்கிறான், பிறகு எந்தக் குரலில் போய் அமர்வது என்று முடிவு செய்கிறான்.