நாற்பதாவது சுற்றின் மிச்சம்

2019 மார்ச் 6, காலை பதினொன்றேகால். நாற்பதாவது சுற்று முடிந்து திரையில் வந்த படத்தைப் பார்த்து டாக்டர் அறவாழி மேசையைத் தட்டினார்.

"டீச்சர், வாங்க. பளிங்கு மாதிரி வந்திருக்கு."

அறவாழிக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்தொன்பது வருடமாக ஸ்கேன் படம் பார்க்கிறவர். டீச்சர் என்று அவர் கூப்பிட்டது தாட்சாயணியை. அதே மருத்துவமனையின் இயற்பியலாளர், வயது முப்பத்தொன்று. ஸ்கேன் படத்தை உருவாக்கும் புதிய கணக்குமுறை வந்த அன்றே, சொல்லிக்கொடுங்க என்று அவளிடம் போய் நின்றவர் அறவாழி. மற்ற டாக்டர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

படம் ஏழு வயது ஜெனிலாவின் நுரையீரல். சிறுநீரகக் கட்டியை எடுத்த பிறகும் நுரையீரலில் அரிசி அளவு ஒரு புள்ளி இருந்தது. எட்டு மாதமாக ஊசி மருந்து. புள்ளி போயிருந்தால் இன்றோடு மருந்து நிற்கும். அம்மா ஸ்டெல்லா வெளியே பெஞ்சில் இருந்தாள்.

குழந்தை என்பதால் கதிரைக் கால்பங்காகக் குறைத்து எடுத்த ஸ்கேன். குறைந்த கதிரில் படம் நேராக வராது. கணினி ஒரு படத்தை ஊகிக்கும். அந்த ஊகத்துக்குள் கதிர் போனால் என்ன அளவு வரும் என்று கணக்கிடும். உண்மையில் வந்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்தும். அது ஒரு சுற்று.

"புள்ளி இல்ல. அம்மாகிட்ட சொல்லிரட்டுமா?"

தாட்சாயணி படத்தைப் பார்க்கவில்லை.

"கழிச்சீங்களா சார்?"

"எதை?"

"கதிர் சொன்னதுல இருந்து உங்க படம் சொல்றதை."

கழித்தார். மிச்சம் பக்கத்துத் திரையில் வந்தது. படம் கதிரோடு சரியாகப் பொருந்தியிருந்தால் வெறும் மணல் மாதிரி இருக்க வேண்டியது. மணலுக்குள் விலா எலும்பின் விளிம்பு தெரிந்தது. ரத்தக்குழாய்கள் கிளை கிளையாகத் தெரிந்தன.

"இதெல்லாம் இங்க எப்படி வந்துச்சு?"

"படத்துப் பொரியை அடக்குற மழமழப்பை எவ்வளவு வச்சீங்க?"

"ஒன்பது."

"நான் சொன்னது?"

"ரெண்டு. பொரிபொரியா இருந்துச்சு, பாக்கச் சகிக்கல."

"பவுடர் பூசிட்டீங்க."

அறவாழி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"அப்போ புள்ளி?"

"போயிருக்கலாம். நீங்க துடைச்சிருக்கலாம்."

"முழுக் கதிர்ல இன்னொரு ஸ்கேன் எடுத்திருவோம்."

"பிள்ளை ஏற்கெனவே தந்த அளவுகளை இன்னும் சரியாக் கேக்கவே இல்லையே சார்."

அறவாழி மழமழப்பை இரண்டில் வைத்து முதலிலிருந்து ஓடவிட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் கழித்தார். ஆறாவது சுற்றில் மிச்சத்தில் விலா எலும்பு இருந்தது. பதினான்கில் குழாய்கள் மட்டும் இருந்தன. இருபத்திரண்டில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"போதுமா?"

தாட்சாயணி படம் இருந்த திரையை அணைத்தாள். மிச்சம் இருந்த திரை மட்டும் எரிந்தது.

"என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல."

"இன்னும் கிட்ட போய்ப் பாருங்க."

மூக்கு இடிக்கும் அளவு போனார். மூலை மூலையாகப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்ல டீச்சர். மணல்தான்."

அவள் படம் இருந்த திரையை மறுபடி போட்டாள். சொரசொரவென்று இருந்தது. குழாய்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. புள்ளி இருந்த இடத்தில் புள்ளி இல்லை.

"அழகா இல்லையே சார்," என்றாள்.

அறவாழி அதற்குள் கதவைத் திறந்து ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

2024 மார்ச் 12 அன்று, புள்ளி திரும்ப வராமலே ஐந்தாண்டுக் கண்காணிப்பு முடிந்து, ஜெனிலாவின் கோப்பு மூடப்பட்டது.