பாதி வயல் விதைத்தவன்

இந்தக் கதையை நான் பல வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். சொன்னவர் எங்கள் ஏரியில் மடை திறக்கும் சோலையப்பர். நல்ல மனிதர்தான். இருந்தாலும் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஏரிகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. ஓர் அரசனின் நாட்டில் மழை தடம் மாறியது. ஆடியில் தூறிவிட்டு ஓடிப்போகும்; ஐப்பசியில்தான் திரும்பி வரும். ஒரு வருடம் அப்படி, மறுவருடம் அப்படி, மூன்றாம் வருடமும் அப்படியே.

அரசன் தன் அமைச்சரை விதை மூட்டைகளோடு ஊர் ஊராக அனுப்பினான்.

"முதல் தூறலை நம்பி விதைக்காதீர்கள். புரட்டாசி கழியட்டும். இது குறைந்த நாளில் விளையும் நெல்" என்றார் அமைச்சர்.

கூட்டத்தில் ஆவுடையான் என்ற உழவன் நின்றான். உப்பைக்கூட நக்கிப் பார்த்துத்தான் வாங்குவான். அவன் வீட்டில் விதைநெல் கொஞ்சம்தான் மிச்சம். இந்த முறையும் பொய்த்தால் பெண்டு பிள்ளையோடு ஊரை விட்டுப் போகவேண்டியதுதான்.

"வைக்கோல் எவ்வளவு உயரம் வருங்க?" என்று கேட்டான்.

"முழங்கால் வரை."

"மாடு எதைத் தின்னும்?"

அமைச்சர் அடுத்த மூட்டையை அவிழ்க்கத் திரும்பினார்.

"உங்க வயல்ல எதை விதைச்சீங்க?"

"எனக்கு வயல் கிடையாது."

கூட்டம் சிரித்தது.

"சும்மா கொடுத்தா பின்னாலயே வரி வரும்" என்றான் அண்டை வயல்காரன் மூக்கன். ஊரார் அரசனின் விதையைக் குத்திச் சோறாக்கித் தின்றார்கள். ஆடித் தூறலில் பழைய நெல்லை விதைக்கக் கிளம்பினார்கள்.

ஆவுடையான் தன் மூட்டையை மோந்து பார்த்தான். கடித்துப் பார்த்தான். உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தான்.

"ஊரே தின்னு ஏப்பம் விடுது. நீங்க மோந்துகிட்டே இருங்க" என்றாள் மனைவி நாச்சி.

"ராசாவை நம்ப முடியல."

"அப்ப ஊரோட விதைங்க."

"மூக்கனையும் நம்ப முடியல. மூணு வருசமா இதையே விதைச்சுப் பட்டினி கிடக்கான்."

"என்னையாவது நம்புறீங்களா?"

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

வயலின் நடுவே புதிதாக ஒரு வரப்பு போட்டான். ஒரு பாதியில் ஊரோடு சேர்ந்து பழைய நெல். மறுபாதி சும்மா கிடந்தது. புரட்டாசி கழிந்ததும் அதில் அரசனின் நெல்.

"என்னப்பா, பாதி வயலுக்கு மட்டும் விரதமா?" என்று மூக்கன் போகும்போதும் வரும்போதும் கேட்டான்.

ஆடியில் முளைத்த பயிர் ஆவணி வெயிலில் கருகியது. மூக்கனுடையது கருகியது, ஊராருடையது கருகியது, ஆவுடையானின் பாதியும் கருகியது. ஐப்பசியில் மழை இறங்கியது. தையில் அவனுடைய மறுபாதி மட்டும் அறுப்புக்கு நின்றது. வைக்கோல் முழங்கால் உயரம்தான். மாடுகள் இளைத்துப் போயின. ஆனால் நாச்சியின் அடுப்பு எரிந்தது. அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை.

விதைநெல் கேட்டு மூக்கன் வந்தான். ஆவுடையான் அள்ளிக் கொடுத்ததைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் மடியில் கட்டினான்.

புதியதைச் சந்தேகிக்கிறவன் பழகியதையும் அதே கண்ணால் சந்தேகித்துப் பார்க்க வேண்டும் என்பதே இதன் நீதி.

நீதியில் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் போன மாதம் சோலையப்பரிடம் கேட்டேவிட்டேன்: "அந்த வருடம் மழை பழையபடி ஆடியிலேயே வந்து நின்று பெய்திருந்தால், பாதி வயலைச் சும்மா போட்டவனைப் பற்றி இந்த ஊர் என்ன கதை சொல்லியிருக்கும்?"