நார்வேக்காரன் தேடிப்போன பந்து

பந்து கடலுக்குள்ள போய்க்கிட்டே இருக்கு. அதை அடிச்ச பனியடிமை கரையில நின்னு நார்வேயைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கான்.

கோல்கீப்பர் கிளீட்டசுக்கு வயிறு எரிஞ்சுது. விடிஞ்சா செவன்ஸ் ஃபைனல், ஆளுக்கு ஏழு பேர் ஆடுத ஃபுட்பால். பந்து கொண்டு வரவேண்டியது இவங்க ஊரு பொறுப்பு. வரலைன்னா கப்பு பக்கத்து ஊருக்காரனுக்கு. ஊருல உருப்படியா இருக்கது ஒரே ஒரு பந்து. அதைத்தான் இந்த மனுசன், "ஸ்டாப்பர்னா இப்பிடி அடிக்கணும்லே"ன்னு கண்ணை மூடிக்கிட்டு ஒரு உதை விட்டு, அலையைத் தடுக்கக் கடலுக்குள்ள போட்ட தூண்டில் வளைவுக் கல்லுக்கு அப்பால கொண்டு போட்டான்.

பனியடிமை கல்ஃபுல ஏசி ரிப்பேர் பாத்துட்டுப் போன மாசம் ஊருக்கு வந்தவன். வரும்போது டீமுக்கு எல்லாருக்கும் சட்டை வாங்கிட்டு வந்தான். அதுல ஸ்டாப்பர் சட்டையை யாரையும் கேக்காமத் தானே மாட்டிக்கிட்டான். வருஷக்கணக்கா கோலுக்கு முன்னால மலை மாதிரி நின்னு தடுத்த ஜெரால்டு வெளியில உக்காந்துட்டான். சட்டை வாங்கிக் குடுத்தவனை எறங்குன்னு சொல்ல எவனுக்கு வாய் வரும்? பனியடிமை தடுக்குற லட்சணம் எப்பிடின்னா, எதிராளி கோல் போட்டுட்டுத் திரும்பி வரும்போதுதான் இவன் போய் மறிப்பான். அதையும் மூச்சு வாங்கிக்கிட்டே மறிப்பான்.

ஆனா அந்தக் கரையில ஒரு சட்டம் உண்டு. பந்தைக் கடல்ல அடிச்சவன்தான் எடுக்கணும். வேற ஆளு நீந்திப் போய் எடுத்துட்டா, டீமுல அடிச்சவன் இடம் எடுத்தவனுக்குப் போயிரும். இதுக்கு மேல்முறையீடு கெடையாது, பங்குச் சாமியார் வந்து சொன்னாலும் நடக்காது.

"எறங்குங்கண்ணே, பந்து போகுது"ன்னான் கிளீட்டஸ்.

"பொறுலே. அடிச்சவன் எடுக்கணும்னு நீ எனக்கா சொல்லுக? நார்வேயிலயும் இதே சட்டம்தான். எங்க கம்பெனி ஏசி போட்ட கிளப்புல ஓலாவுன்னு ஒரு நார்வேக்காரன் ஸ்டாப்பரா ஆடினான். அவன் நாடு நாடாப் போனதே பந்து எடுக்கத்தான். தெரியுமா ஒனக்கு?"

கிளீட்டஸ் பல்லைக் கடிச்சான். அப்பதான் வள்ளத்து ஓரமா குத்தவச்சிருந்த ஜெரால்டு கண்ணுல பட்டான். பனியடிமை கதையில எறங்கிட்டா பின்னால இடி விழுந்தாலும் திரும்பமாட்டான். கிளீட்டஸ் கடல் பக்கம் கண்ணைக் காட்டினான். ஜெரால்டு புரிஞ்சுக்கிட்டு, வள்ளத்து மறைவுல சத்தமில்லாமத் தண்ணியில எறங்கினான்.

இனி கதை நிக்கக் கூடாது. "அப்பிடியா அண்ணே? இருந்து விவரமாச் சொல்லுங்க"ன்னான் கிளீட்டஸ். சொன்ன வாயை மணல் போட்டுத் தேய்க்கணும்னு இருந்துது அவனுக்கு.

பனியடிமை கவுத்துப் போட்ட ஒரு வள்ளத்து மேல, கடலுக்கு முதுகைக் காட்டி ஜம்முனு உக்காந்தான்.

"கேட்டுக்கோ. ஓலாவ் ஊருல எப்பவும் பனி. கோல்கீப்பர் எங்க நிக்கான்னு கம்பு வச்சுக் குத்திப் பாத்துத்தான் கண்டுபிடிப்பானுவ. அந்தப் பனிக்குள்ள நின்னு ஓலாவ் ஒரு அடி அடிச்சான் பாரு, பந்து கடல் தாண்டிப் போய் ஸ்காட்லாந்துல ஒரு கிரவுண்டுல கோலா விழுந்துது! அடிச்சவன் எடுக்கணும்லா? அம்மைகிட்ட சொல்லிட்டுப் போனான். அங்க உள்ளவனுவ 'பந்தைத் தாறோம், மொதல்ல ஸ்டாப்பரா நில்லு'ன்னு பிடிச்சு வச்சுக்கிட்டானுவ."

பக்கத்துல கருவாடு திருப்பிப் போட்டுக்கிட்டிருந்தா ரெத்தினமேரி, பனியடிமையோட அண்ணன் பெஞ்சாதி. "பந்து பாஸ்போர்ட்டு எடுத்துட்டா போச்சு கொழுந்தா?"

"மைனி, ஒங்களுக்குக் கருவாட்டைத் தவிர என்ன தெரியும்?"

"கருவாட்டுக்கு வாய் கெடையாது. எனக்கு அதுவே பெரிய சந்தோசம்."

பனியடிமை அதைக் காதுல போட்டுக்கல. "ஸ்காட்லாந்துல அவன் நிக்குததைப் பாத்தாலே ஃபார்வர்டுக்குக் கால் ஓடாது. ஒருத்தன் பந்தோட நேரா வந்தான். ஓலாவை ஏறிட்டுப் பாத்தான். பந்தைக் கையில எடுத்துக் குடுத்துட்டு, பூட்ஸைக் கழத்தாம அப்பிடியே போய் செமினாரியில சேந்துட்டான். இப்ப அவன் பிஷப்பு!"

கிளீட்டஸ் ஓரக்கண்ணால பாத்தான். ஜெரால்டு தலை கல்லுக்கிட்ட போயிருந்துது. பந்து இன்னும் தள்ளிக் கெடந்துது. "பொறவு அண்ணே?"

"பொறவென்ன, தலையால ஒரு முட்டு. பந்து துருக்கியில ஒரு கல்யாண வீட்டுப் பிரியாணி அண்டாவுல விழுந்துது. தேடிப் போனான். 'தம் போட்டாச்சு, இனி தெறக்கக் கூடாது'ன்னுட்டானுவ. தெறக்கது வரைக்கும் அந்த ஊரு கிளப்புல ஆடினான். நாலு வருஷம்!"

"நாலு வருஷமா தம் போட்டானுவ?"

"பெரிய கல்யாணம் மைனி."

ரெத்தினமேரி தலையில அடிச்சுக்கிட்டு நிமிந்தவ, கடலைப் பாத்துட்டா. "ஏய், அங்க யாரு…"

கிளீட்டஸ் வரட்டு இருமல் இருமினான். கண்ணைச் சிமிட்டினான். அவளுக்கு ஒரு நொடிதான் ஆச்சு. "யாரு வீட்டுக் கல்யாணம்னு கேட்டேன். சொல்லுங்க கொழுந்தா, கேக்க நல்லாத்தான் இருக்கு!"

மைனி வாயில இருந்து அப்பிடி ஒரு வார்த்தை வந்ததேயில்லை. பனியடிமைக்கு நெஞ்சு ரெண்டு பங்கு வீங்குச்சு. "துருக்கியில இருந்து அடிச்ச அடியிலதான் கல்ஃபுக்கு வந்தான். அங்க நான் வேலை பாத்த ஊரு மேல வரும்போது பந்து மேகத்துல இடிச்சு, மேகம் பொத்துக்கிச்சு. பாலைவனத்துல மாசக்கணக்கா மழை! ஒட்டகமெல்லாம் நீச்சல் படிச்சுது!"

'ஒட்டகம்கூடத் தண்ணியில எறங்கிருக்கு, நீ எறங்கல'ன்னு கிளீட்டஸ் மனசுக்குள்ள திட்டினான். ஜெரால்டு பந்தைப் பிடிச்சுட்டான். ஒரு கையில அணைச்சுக்கிட்டு அலையோட திரும்பிக்கிட்டிருந்தான். "நீங்க அவன்கூடப் பேசிருக்கீங்களா அண்ணே?"

"பேசவா? எம் மடியில விழுந்து அழுதான்லே! 'பனியடிமை அண்ணே, பந்து எடுக்கதுலயே எம் பொழைப்பு போச்சு, எங்க அம்மையை எப்ப பாப்பேன்'னான். நான் சொன்னேன்: 'லேய் மக்கா, நல்ல ஸ்டாப்பர் பந்தைத் தேடிப் போகமாட்டான். கடலுக்கு முதுகைக் காட்டி உக்காரு. கண்ணை மூடிக் கூப்பிடு. தானா காலடிக்கு வரும்.' உக்காந்தான். கூப்பிட்டான். வந்துது! அன்னைக்கே ஊருக்கு ஃபிளைட் ஏறிட்டான்."

"இப்ப நீங்க கூப்பிட்டா வருமா?"

"ஏன் வராது? படிச்சுக் குடுத்தவனே நான்தான்!" பனியடிமை கண்ணை மூடினான். கையை உசத்தினான். "வாலே பந்தே!"

சொத்துன்னு ஒரு ஈரப்பந்து அவன் காலடியில வந்து விழுந்துது.

பனியடிமை கண்ணைத் தெறந்தான். அவனுக்கே மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. தான் விட்ட புளுகு நெசமா நடந்துட்டுதேன்னு பந்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்தான். பொறவு துள்ளிக் குதிச்சான். "பாத்தியாலே! பாத்தியளா மைனி! இனியாவது நம்புங்க!"

குதிச்ச வாக்குல திரும்பினான். பின்னால ஜெரால்டு, தண்ணி சொட்டச் சொட்ட, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கிட்டு நின்னான்.

பனியடிமை பந்தைப் பாத்தான், ஜெரால்டைப் பாத்தான். கிளீட்டஸ் பந்தை எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டான்.

ரெத்தினமேரி கையில ஒட்டியிருந்த உப்பைத் தட்டிட்டு எந்திரிச்சு வந்து கையை நீட்டினா.

"சட்டையைக் கழத்துங்க கொழுந்தா. ஸ்டாப்பர் நனைஞ்சு நிக்கான்."