செம்பனுக்கு எந்த வயசு

எந்த ராஜா ஆண்ட காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். குதிரைகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மலையடிவாரத்தில் ஒரு பெரிய கண்மாய் இருந்தது. விடிந்து வெகுநேரம் வரை அதன்மேல் பனிமூட்டம் கலையாமல் கிடக்கும். சந்தை நாளானால் அந்தக் கரையில் இலுப்பை மரத்தடியில் ஒச்சம்மா வந்து உட்காருவாள். ஆண் குதிரைக்கும் நாய்க்கும் காயடிப்பதில் அவளை மிஞ்ச அந்தச் சீமையில் ஆள் கிடையாது.

அவளுக்கு ஒரே சீடர், தவசி. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஊரே சிரித்தது.

"சிரிச்சுட்டுப் போகட்டும். வித்தை அவகிட்டதானே இருக்கு" என்பார் தவசி.

அவருக்குப் பிள்ளை இல்லை, செம்பன்தான் இருந்தான். தாயை இழந்த குதிரைக்குட்டியை ஆட்டுப்பால் ஊட்டி வளர்த்திருந்தார். காலையில் பனிக்குள்ளிருந்து செம்பனின் கழுத்து மட்டும் முதலில் மிதந்து வரும். உடம்பும் கால்களும் பிறகுதான் வந்து சேரும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் தவசிக்குத் தான் முழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்றே தெரியாது.

ஒரு சந்தை நாளில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டார்.

"தாயி, எந்த வயசுல காயடிக்கணும்? ஒரே கணக்கா சொல்லிடு."

"யாருக்கு?"

"பொதுவா குதிரைக்கு."

"பொதுவான குதிரைய நான் பார்த்ததே இல்லையேண்ணே."

தவசி அசடு வழிந்தார். "இவனுக்குத்தான்."

"உங்களுக்கு எந்த வயசுல கல்யாணம் ஆச்சு?"

"பதினெட்டு."

"சரியான வயசா?"

"எங்கே தாயி! எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அந்த வயசுல என் தம்பிக்குக் கட்டி வச்சிருந்தா ஊர்ப் பொண்ணுங்களாவது பிழைச்சிருக்கும்."

ஒச்சம்மா சிரித்துக்கொண்டே செம்பனின் காலடியில் குந்தினாள். கண்ணை மூடி முழங்காலைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"மூட்டு இன்னும் இளசு. இப்ப கத்தி வச்சா கால் நெட்டுக்கு வளரும், வலுக்காது. இன்னைக்கு இல்ல."

அப்பாடா என்றிருந்தது தவசிக்கு. செம்பனின் வாயில் ஒரு பெரிய வெல்லக்கட்டியைத் திணித்தார்.

அதே நாளில் சங்கையா என்கிற வண்டிக்காரர் தன் வேட்டை நாய்க்குட்டியோடு வந்தார். அதற்கும் "இன்னைக்கு இல்ல" என்றாள். அடுத்த சந்தைக்கு மறுபடி வந்தார். இன்னைக்கு இல்ல. அதற்கடுத்த சந்தைக்கும் வந்தார். நாயைப் பிடித்துக்கொள்வது தவசியின் வேலை.

"இந்தாளுக்கு வேற பிழைப்பே இல்லையா?" என்று முணுமுணுத்தார்.

மழைக்காலம் வந்து போனது. ஒரு சந்தை நாளில் ஒச்சம்மா நாயின் மூட்டைத் தொட்டாள், அதன் கண்ணைப் பார்த்தாள், "இன்னைக்கு" என்றாள். அடுத்த சந்தைக்கு அந்த நாய் வண்டிக்குப் பின்னால் துள்ளி ஓடி வந்தது.

செம்பனுக்கு அதற்குள் பிடரி தடித்து, உடம்பு பளபளவென்று மின்ன ஆரம்பித்திருந்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்கத் தவசிக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்கரையில் பெட்டைக் குதிரைகள் மேய்ந்தால் போதும், செம்பன் கயிற்றைக் கடிப்பான், கனைத்து ஊரைக் கூட்டுவான்.

"வயசு அப்படி" என்று சிரித்துக்கொண்டார் தவசி.

ஒரு விடியற்காலையில் செம்பன் முள்வேலியைத் தாண்டினான். அக்கரையில் காயடிக்காத வேறொரு ஆண் குதிரை நின்றது. பனிக்குள் எதுவும் தெரியவில்லை. குளம்புச் சத்தமும் அலறலும் மட்டும் கேட்டன. தவசி பேர் சொல்லிக் கத்திக்கொண்டே அங்குமிங்கும் ஓடினார். பனி விலகியபோது செம்பன் மூன்று காலில் நின்றான். முழங்கால் கிழிந்து தொங்கியது.

ஒச்சம்மா வந்து தைத்தாள்.

"பிழைப்பான். ஓட மாட்டான்."

தவசி வாய்விட்டு அழுதார். பிறகு கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீதானே தாயி வேண்டாம்னே! உன் பேச்சைக் கேட்டுத்தானே விட்டேன்!"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இன்னைக்கு இல்லன்னேன். சங்கையாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். அவர் மறுவாரமும் வந்தார். நாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நீங்கதான்."

"நீயாவது கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேனேண்ணே. செம்பன் எப்படி இருக்கான்னு எத்தனை தடவை கேட்டேன்? அவன் கழுத்தழகைத்தானே சொன்னீங்க."

தவசி செம்பனின் பிடரியைக் கோதினார்.

"இப்பவாவது செஞ்சிடலாமா தாயி?"

அவள் செம்பனின் வயிற்றில் கை வைத்தாள். "உடம்பு கொதிக்குது. இன்னைக்கு இல்ல."

மறுநாள் பனி கலையுமுன்னே தவசி அவள் வாசலில் நின்றார். "இன்னைக்கு?" அவள் வந்து பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினாள். அதற்கு மறுநாளும் நின்றார். காய்ச்சல் இறங்கியது, புண் ஆறியது, அவர் வருவதை நிறுத்தவில்லை.

ஒரு காலையில் பனிக்குள்ளிருந்து செம்பனின் கழுத்து மிதந்து வந்தது. பின்னாலேயே, நொண்டிக்கொண்டு, உடம்பும் வந்தது.

"இன்னைக்கு, தாயி?"

ஒச்சம்மா அவர் கையைப் பிடித்து அந்த முழங்காலின்மேல் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்கண்ணே."