செம்புக் குடத்துக்குள் போன பெயர்கள்

கடலுக்கே வயசு கம்மியாக இருந்த காலத்திலே, பவழத்துறை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. கப்பல் வந்தால்தான் அந்த ஊருக்குச் சோறு. ஒரு வருஷம் கப்பல் வருவது குறைந்தது, அப்புறம் அடியோடு நின்றது. கடலுக்கு அந்தப் பக்கம் சரக்கு வாங்க ஆளே இல்லை என்றார்கள். கடைவீதி பூட்டிக்கொண்டது. ராஜா களஞ்சியத்தைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார்.

கப்பலுக்குப் பாய் தைக்கிற மாசிலாமணிக்கு வேலை போயிற்று. அவன் பெண்டாட்டி செங்கமலம் முதலில் காதுத் தோட்டை விற்றாள், பிறகு அண்டாவை விற்றாள், பிறகு விற்க ஒன்றும் இல்லை. ஆனாலும் தினமும் அடுப்பு மூட்டி, வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். கூரைக்கு மேலே புகை தெரிய வேண்டுமே. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் என்ன நினைப்பாள்? அவள் வீட்டில் புகை வராத நாளே இல்லை.

ஒரு மத்தியானம், தெருவில் காக்கைகூட இல்லாத நேரம், கொல்லைக் கதவை யாரோ நகத்தால் சுரண்டினார்கள். திறந்தாள். நெட்டையாக ஒருவன், இடுப்பில் செம்புக் குடம். உச்சி வெயிலில் நின்றான், காலடியில் பொட்டு நிழல் இல்லை.

“உலையிலே வெறும் தண்ணிதானே, மகளே?” என்றான் மெதுவாக. “நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே. அரிசி தர்றேன். உன் வீட்டிலேருந்து ஒரே ஒரு பேர் கொடு.”

“பேரை வெச்சு என்ன செய்வீங்க?”

“நீ மட்டும் அதை வெச்சு என்ன செய்யறே? பொங்கவா முடியும்?”

மகள் அல்லி பசியில் முனகிக்கொண்டு கிடந்தாள். செங்கமலம் குடத்தின் வாயருகே குனிந்து, வாசலில் படுத்திருந்த நாயின் பெயரைச் சொன்னாள். பானையில் அரிசி நிறைந்தது. அன்று சாயங்காலம் நாயைக் கூப்பிட அல்லி வாயைத் திறந்தாள், பெயர் வரவில்லை. நாய் புகைபோல மெலிந்து, விடிவதற்குள் காணாமல் போனது.

அரிசி தீர்ந்தது. மறுபடியும் மத்தியானம், மறுபடியும் நகம். “ஒரே ஒரு பேர், மகளே. யார்கிட்டயும் சொல்லாதே.”

செங்கமலம் முடியாது என்று தலையை ஆட்டும்போதே மாசிலாமணி முன்னால் வந்தான். “என் பேரை எடுத்துக்க.” அவள் பாய்ந்து அவன் வாயைப் பொத்துவதற்குள் பெயர் குடத்துக்குள் போய்விட்டது.

அதற்கப்புறம் அவன் மூலையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. “ஏங்க, ஒரு வாய் சாப்பிடுங்க” என்றாள். திரும்பவில்லை. அவன் முதுகு வழியாகச் சுவர் தெரிந்தது. அல்லி அவள் காதோரம் வந்து கேட்டாள்: “அம்மா, அந்த மூலையிலே உட்கார்ந்திருக்கிறது யாரு?”

மூன்றாவது தடவை குடத்துக்காரன் அரிசி தீரும்வரை காத்திருக்கவில்லை. உள்ளேயே வந்துவிட்டான். “ஒரே ஒரு பேர், மகளே” என்று அல்லியைப் பார்த்தான். குடத்தை நீட்டினான்.

குடத்துக்குள் ஒரு நாய் குரைத்தது. ஒரு ஆண் இருமினான். அப்புறம் ஒரு கிழக் குரல்: “வெள்ளையம்மா, கொஞ்சம் தண்ணி தாம்மா.”

வெள்ளையம்மாளின் மாமியார். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றல்லவா வெள்ளையம்மாள் சொன்னாள்!

செங்கமலம் அல்லியை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

“சொல்லாதே, ஊரே சிரிக்கும்” என்றபடி அவன் பின்னாலேயே வந்தான்.

“வெள்ளையம்மாக்கா, எங்க வீட்டு உலையிலே வெறும் தண்ணிதான்!”

எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று சாத்திக்கொண்டது. மறுபடியும் சொன்னாள். ஒருவரும் வரவில்லை. அவன் விரல்கள் அல்லியின் தோளைத் தொட்டன, குழந்தை கை சில்லிட்டது. மூன்றாவது தடவை வெள்ளையம்மாளின் கதவைத் தட்டிச் சொன்னாள்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. வெள்ளையம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். “எங்க வீட்டிலயும் தண்ணிதான்டி, செங்கமலம்.”

குடத்தில் ஒரு கீறல் விழுந்தது.

“எங்க வீட்டிலயும்” என்றது சாத்தின ஜன்னல். கீறல் நீண்டது. “எங்க வீட்டிலயும்” என்று தெருக்கோடியிலிருந்து ஒரு குரல். குடம் வெடித்தது. அடைபட்ட பெயர்களெல்லாம் தேனீக்கூட்டம்போல ரீங்காரமிட்டுக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் பறந்தன. செங்கமலத்தின் வாசலில் நாய் குரைத்தது, பக்கத்து வீட்டுக்குள் கிழவி தண்ணீர் கேட்டாள். குடத்துக்காரன் நின்ற இடத்தில் செம்பில் பூக்கிற பச்சைக் களிம்பு ஒரு பிடிதான் கிடந்தது.

அன்றைக்கே தெரு நடுவில் கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். ஒருத்தி ஒரு பிடி கம்பு கொண்டுவந்தாள், ஒருத்தி முருங்கைக்கீரை, வெள்ளையம்மாள் உப்பு. கூழ் தண்ணீராகத்தான் இருந்தது, ஆனாலும் எல்லாருக்கும் கிடைத்தது. செய்தி கேட்ட ராஜா வெட்கப்பட்டு, களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். கப்பல் திரும்பி வர வெகுகாலம் ஆயிற்று. அதுவரைக்கும் அந்தத் தெரு ஒரே அடுப்பில் சாப்பிட்டது, ஒரு குழந்தையையும் இழக்கவில்லை.

மாசிலாமணியை மட்டும் கொஞ்ச காலம் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. முதல் தடவை செங்கமலம் கூப்பிடுவாள், அவன் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டாவது தடவை அல்லி “அப்பா” என்பாள். அதற்கு அவன் திரும்பாமல் இருந்ததே இல்லை.