நாளைக்கு மணக்கிற பூ

மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அதில் மாசிலாமணி என்றொரு சீடர் இருந்தார். அவருக்கு வயது அறுபத்தொன்று. குரு அபிராமவல்லிக்கு நாற்பத்தைந்து. சீடர் குருவை "அம்மா" என்பார். குரு சீடரை "ஐயா" என்பார்.

மாசிலாமணி பதினெட்டு வருடம் மடத்தில் சமையல் செய்தவர். ரசத்தை ருசி பார்க்கமாட்டார். ஆவியை முகர்ந்தே பெருங்காயம் போதாது என்று சொல்லிவிடுவார்.

பங்குனியில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எட்டாம் நாள் போனது. போகும்போது மூக்கின் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று முறை பால் அடிப்பிடித்தது. மூன்று முறையும் வேறு யாரோ ஓடிவந்துதான் அடுப்பை அணைத்தார்கள்.

குரு அவரைக் கிணற்றடிக்கு மாற்றினார். அங்கே ஒரு மனோரஞ்சிதப் புதர் இருந்தது. மடத்திலேயே அதிகமாக மணக்கிற செடி அதுதான்.

மாசிலாமணி மறுக்கவில்லை. காய்ந்த கொம்புகளை வெட்டினார். பாத்தி கட்டித் தொழுஉரம் வைத்தார். நாளுக்கு நான்கு குடம் தண்ணீர் ஊற்றினார். காலையில் ஒவ்வொரு கிளையாக இலையை விலக்கிப் பூச்சி பார்த்தார்.

ஐந்தாம் மாதம் புதர் பூத்தது. தெருவில் போகிறவர்கள் நின்று மூச்சை ஆழ இழுத்துவிட்டுப் போனார்கள். மாசிலாமணி அதை நான்கு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் காலையில் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

"பதினோரு மணி பஸ்ஸுல ஊருக்குக் கிளம்பறேன், அம்மா."

"ஏன் ஐயா?"

"அடுப்படியைக் கெடுத்தேன். இப்ப இந்தச் செடி. மோந்து பார்க்க முடியாதவன் கையில போய் இதைக் கொடுத்தீங்களே, ஏன்? எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

குரு பதில் சொல்வதற்குள் தச்சர் சோலையப்பன் வாசலில் வந்து நின்றார். வேட்டி புதிது. மூச்சு வாங்கியது.

"அம்மா, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு என் மகளுக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை ஊர்ல. எல்லாரும் நேத்தே போயாச்சு. நான் பதினோரு மணி பஸ்ஸைப் பிடிக்கணும். தலையில மடத்து மனோரஞ்சிதம் இருந்தாத்தான் மணையில உட்காருவேன்னு அடம் பிடிக்கிறா. ஒன்பது பூ கொடுங்க."

"நாளைக்கு மணக்கணுமே," என்றார் குரு.

"ஆமாம்மா. இன்னைக்கு மணந்து என்ன? பஸ்ஸுக்கா கல்யாணம்?"

குரு சமையலறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். குழந்தையம்மாள் கரண்டியோடு வந்தாள். இப்போது சமைக்கிறவள் அவள். மடத்தில் கூர்மையான மூக்கும் அவளுடையதுதான்.

அவள் புதரைச் சுற்றி வந்தாள். முகர்ந்தாள். வாசனை வந்த இடத்தில் கையை விட்டுத் துழாவினாள். கால் மணி நேரத்தில் நான்கு பூ கிடைத்தது. நான்கும் மஞ்சளாகப் பழுத்தவை. தச்சர் உள்ளங்கையில் வாங்கினார். இரண்டு இதழ்கள் உதிர்ந்தன.

"இது ராத்திரிக்கே தாங்காதே, தாயி!"

"மணக்கிறதைத்தானே நான் கண்டுபிடிக்க முடியும்? நாளைக்கு மணக்கப்போறதை எந்த மூக்கு சொல்லும்?" என்றாள் குழந்தையம்மாள்.

தச்சரின் முகம் வாடியது. மணி பத்தே கால்.

"புதர்ல மொத்தம் எத்தனை பூ, ஐயா?" என்று கேட்டார் குரு.

மாசிலாமணி பையைப் பிடித்தபடியே நின்றிருந்தார். "முப்பத்தேழு. இவ பறிச்ச நாலு போக முப்பத்து மூணு."

"முப்பத்து மூணா! கனவுல எண்ணினீங்களா?" குழந்தையம்மாள் சிரித்தாள். "எங்கே, ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்."

மாசிலாமணி பையைக் கீழே வைத்தார். கிழக்குக் கிளையில் ஓர் இலையைத் தூக்கினார். அடியில் இலையின் நிறத்திலேயே ஒரு பூ, தலைகீழாகத் தொங்கியது.

"இதுக்கு நாலு நாள் ஆகும். இருக்கட்டும்."

அடுத்த இலையைத் தூக்கினார். "இது நாளை மறுநாள்."

மூன்றாவது பூவும் பச்சைதான். காம்பு ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவு மஞ்சளாக வெளிறியிருந்தது. "இது நாளைக்கு," என்று பறித்தார்.

அப்படி ஒன்பது. ஏழாவதைக் கொடுக்கும்போது மட்டும் தயங்கினார். "இதுல ஒரு இதழை எறும்பு கடிச்சிருக்கு. பரவாயில்லையா?"

குழந்தையம்மாள் ஒரு பூவை வாங்கி மூக்கில் வைத்தாள். மறுபடியும் வைத்தாள். "ஒரு வாசனையும் இல்லையே, ஐயா!"

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றார் மாசிலாமணி.

தச்சர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் குழந்தையம்மாள். பிறகு குரு. கடைசியில் மாசிலாமணியும் சிரித்தார். ஐந்து மாதத்தில் அது முதல் தடவை.

பூவை ஈரத்துணியில் சுற்றி, வாழையிலையில் பொதிந்து கொடுத்தார். தச்சர் ஓடினார். சற்று நேரத்தில் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. மாசிலாமணி திடுக்கிட்டுப் பையைப் பார்த்தார்.

"நாலரைக்கு இன்னொரு பஸ் இருக்கு," என்றார் குரு.

மாசிலாமணி பையை எடுக்கவில்லை. புதரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு அந்தப் பொண்ணு தலையில அது எப்படி மணக்கும், அம்மா?"

குரு குழந்தையம்மாளைப் பார்த்தார்.

"பலாச்சுளை," என்றாள் அவள்.

"எனக்கு அன்னாசி," என்றார் குரு. "தச்சருக்கு என்னவோ கொய்யாவாம். போன வருஷம் சொன்னார்."

"இதுல எது சரி?"

"நாங்க எல்லாரும் பழத்தைத்தான் சொல்றோம், ஐயா. பூவைச் சொல்றது நீங்க ஒருத்தர்தான்."