எறும்பிடம் வாங்கிய புல்லரிசி

கேளுங்கள். நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறக்காத காலம். மருதங்கோடு என்ற நாட்டை ஓர் அரசன் ஆண்டான். கொடியவன் அல்ல, காதுக்கு இனிமை தேடுகிறவன். நாட்டு நடப்பைப் புலவர்கள் பாட்டாகத்தான் சொல்ல வேண்டும் என்பது அவன் சபை வழக்கம். பாட்டில் பசி, சாவு, பிணம் என்று அமங்கலச் சொல் வரக்கூடாது. வந்தால், பாடியவன் வாயில் நாக்கு இருக்காது.

அந்தச் சபையில் இளஞ்சாத்தன் என்று ஒரு புலவன். அவன் பிறந்த எருக்கங்குடியில் மூன்று வருஷமாக மழை இல்லை. அங்கே அவன் தங்கை பொலங்கொடி கைக்குழந்தையோடு தனியாகக் கிடந்தாள். பிழைப்புத் தேடிப் போன புருஷன் திரும்பவில்லை. பார்க்கப் போன அண்ணனிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணே, அரமனைக் களஞ்சியத்தைத் தொறக்கச் சொல்லு. நீ சொன்னா ராசா கேப்பாரு."

ஊரில்தான் பஞ்சம், சாத்தனிடம் உவமைக்குப் பஞ்சமே இல்லை. சபைக்குத் திரும்பிப் பாடினான்: வற்றிய குளத்தை, வானம் பார்க்கத் திறந்த கண் என்றான். பட்டினியில் தேய்ந்த பெண்களின் இடையை மின்னல் என்றான். சபை 'ஆகா' என்றது. அரசன் மகிழ்ந்து பொற்பூ ஒன்றைக் கொடுத்தான்.

சாத்தன் ஊருக்கு ஓடினான். தங்கை கேட்டாள், "தொறந்தாச்சா?"

அவன் பொற்பூவை நீட்டினான். நெல் விற்கிறவன் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இல்லை.

"இதைக் கடிச்சுத் திங்க முடியுமாண்ணே?" என்றாள்.

அலங்காரம் போதவில்லை என்று நினைத்தான் சாத்தன். எழுதுகிறவன் புத்தி அப்படித்தான் போகும். இரண்டாம் பாட்டில் இன்னும் பூசினான். குழந்தைகளின் கண்ணீர் முத்தாயிற்று, காய்ந்த உதடு பவளமாயிற்று. அரசன் அழுதான். அழுகையும் அவனுக்கு இனித்தது. மறுபடி பாடச் சொல்லி மறுபடி அழுதான். பிறகு ஒரு யானையைப் பரிசாகக் கொடுத்தான். அரச பரிசை வேண்டாம் என்பது குற்றம்.

பட்டினி கிடந்த ஊருக்குள் யானை வந்தது. அதற்கும் வயிறு உண்டல்லவா? கூரை ஓலைகளைப் பிடுங்கித் தின்றது. பொலங்கொடியின் கூரையும் போயிற்று. ஏற்கெனவே பசியில் வாடிய குழந்தை வெயிலில் கிடந்து செத்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் கூரையையும் பிடுங்கிப் போட்டது.

சாத்தன் தங்கையைத் தேடினான். அவள் வாசலில் குந்தி, எறும்பு வளையை அரிவாள் நுனியால் தோண்டிக்கொண்டிருந்தாள். எறும்புகள் சேர்த்து வைத்த புல்லரிசியை மண்ணிலிருந்து புடைத்து எடுத்தாள். கையெல்லாம் எறும்பு கடித்துத் தடித்திருந்தது.

"என்னம்மா செய்யுற?"

"தெனமும் அரிசிமாவுல கோலம் போட்டு இதுகளுக்கு நான்தானே சோறு போட்டேன்? இப்ப திருப்பி வாங்குறேன்."

சாத்தன் திரும்பி நடந்தான். வழிநெடுக மூன்றாம் பாட்டு அவன் நாவில் ஊறியது. தங்கை முகத்துக்கு நிலா வந்தது, துரத்தினான். தன் துயரத்தைச் சொல்லும் வரிகள் வந்தன, அவற்றையும் துரத்தினான். கடைசியாக நாக்கு போய்விடுமே என்ற பயம் வந்தது. அதைத் துரத்தத்தான் வெகுநேரம் ஆயிற்று. எல்லாம் போன பிறகு, கண்ணால் பார்த்தது மட்டும் மிஞ்சியது.

சபையில் நின்று அதைச் சொன்னான். பாடவில்லை. தங்கை பெயரைச் சொன்னான். யானை தின்ற கூரையைச் சொன்னான், குழந்தை பசியில் செத்ததைச் சொன்னான். எறும்பு வளையைச் சொன்னான். அவள் சொன்ன சொல்லை அப்படியே சொல்லி நிறுத்திக்கொண்டான்.

"அமங்கலம்!" என்று எழுந்தார் அமைச்சர்.

யாரும் 'ஆகா' என்று சொல்லவில்லை. அரசன் வாசலைப் பார்த்தான். அன்று காலை போட்ட மாக்கோலத்தில் எறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. நாக்கை அறுக்கச் சொல்லாமல் அவன் எழுந்தான். கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு களஞ்சியத்துக்கு நடந்தான்.

நெல் வண்டிகள் எருக்கங்குடி சேர்ந்தன. மிஞ்சியிருந்தவர்கள் கஞ்சி குடித்தார்கள். சாத்தன் ஒரு குவளைக் கஞ்சியோடு தங்கை வீட்டுக்கு ஓடினான்.

பொலங்கொடி வளைக்குப் பக்கத்திலேயே சாய்ந்து கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. விரிந்த உள்ளங்கையில் கொஞ்சம் புல்லரிசி. எறும்புகள் அதை ஒவ்வொன்றாக வளைக்குத் திருப்பிக் கொண்டுபோயின. சாத்தன் அவற்றைத் தட்டிவிடவில்லை. முதல் பாட்டிலேயே பார்த்ததைச் சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள். அது அவனுக்குத் தெரியும், சாகும்வரை தெரிந்தது.

ஆகையால் எழுதக் கற்பவர்களே, கண்டதைக் கண்டபடி முதலிலேயே எழுதுங்கள்: கேட்பவனைத் தலையாட்ட வைக்கிற சொல் உதவாது, அவனை எழுந்து நடக்க வைக்கிற சொல்லே உதவும்.